ஓவிய உரையாசிரியர் எஸ். இராஜம்

முன்னுரை

தமிழில் எழுதுதல் என்னும் வினை இரு தொழிற்கும் பொதுவாய் நிற்பது. பாட்டை ஏட்டிற் பொறித்தலும் எழுதுதலே; உருவத்தைச் சுவரில் தீட்டுதலும் எழுதுதலே. நப்பண்ணனார் பாடிய பரிபாடற் பத்தொன்பதாம் பாட்டு, திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் அமைந்திருந்த இடத்தை எழுத்துநிலை மண்டபம் என்றே வழங்குகின்றது. அங்கு வந்தோர் காமனையும் இரதியையும் இனங்கண்டதும், பூனை வடிவிற் புக்க இந்திரனையும் அகலிகையையும் கௌதமனையும் சுட்டி ஒருவரையொருவர் வினவியதும், அறிந்தோர் விடை கூறியதும் அப்பாட்டால் அறியப்படும். கதையை அறிந்தான் ஒருவன் அதனை வண்ணத்தில் எழுத, அறியாதார் அவ்வோவியத்தின் வாயிலாகவே கதையைக் கற்றனர். ஆகவே, நூலுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதியதன்று.

அவ்வுறவு இருபதாம் நூற்றாண்டிலும் அறுபடாது நின்றமைக்குச் சான்றாக விளங்குபவர் எஸ். இராஜம் (1919–2010). பாடகராகவும் ஓவியராகவும் ஒருங்கே வாழ்ந்த இவருடைய ஓவியங்களிற் பெரும்பகுதி இறைமைப் பாடல்களையும் அவற்றைப் பாடினோரையும் பொருளாகக் கொண்டவை. இவர்தம் பணியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அஃது எவ்வகைப் பணி என வரையறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குரிய சிக்கல்

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கம் போன்ற தென்புறநகர்ப் பகுதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், சிறார்க்கு இசை பயிற்றும் இல்லங்கள் பலவற்றைக் காணலாம். அவ்வில்லங்களின் கூடத்துச் சுவரில், சியாமா சாத்திரிகள் (1762–1827), தியாகராசர் (1767–1847), முத்துசாமி தீட்சிதர் (இ. 1835) ஆகிய மூவரின் படம் மாட்டப்பட்டிருத்தல் பெருவழக்கு. பயிலும் சிறுவனை, 'இவர் யார்?' என வினவின் தயங்காது பெயர் கூறுவான். 'இப்படத்தை எழுதியவர் யார்?' என வினவின் அவனும் அறியான். அவன் ஆசிரியரும் பெரும்பாலும் அறியார். அச்சிற் பரவிய அவ்வுருவங்களுள் மிகப்பல இராஜம் எழுதியவற்றின் படிகள், அல்லது அவற்றைத் தழுவி வேறு கைகள் வரைந்தவை.

ஓவியம் இல்லந்தோறும் சென்றது. ஓவியர் பெயர் உடன் செல்லவில்லை. ஒருபுறம் இங்ஙனம் பெயர் மறைந்ததாக, மறுபுறம் தற்கால இந்திய ஓவிய வரலாறு எழுதுவோரும் இவரைப் பெரிதும் பேசுவதில்லை. நூற்பொருளைப் பின்பற்றி வரைந்தவர், இதழ்களுக்குப் படம் தந்தவர் என்று கருதி ஒதுக்கினர் போலும். நூலைப் பின்பற்றுதல் ஓர் ஓவியனுக்கு இழுக்காகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முன்னோர் நெறி

சிட்லபாக்கத்தின் அண்மையிலுள்ள இரண்டு ஊர்கள் இவ்வாராய்ச்சிக்குத் துணைபுரிவன. ஒன்று பல்லாவரம். அங்குள்ள குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது; அவன் விருதுப்பெயர்கள் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. அம்மன்னன் பூண்ட பெயர்களுள் சித்திரகாரப்புலி என்பதும் ஒன்று. நாடகம் இயற்றியவனும் இசையில் ஈடுபாடுடையவனுமாகிய அவன், திருநாவுக்கரசர் காலத்தவன் என்பது மரபு. பாட்டும் ஓவியமும் ஒருவரிடத்தே ஒன்றுதல் இந்நாட்டில் அன்றே உண்டென்பதற்கு அவன் பெயரே சான்று.

மற்றொன்று குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அஃதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டில். ஆனால், சுந்தரர் வரலாறு அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுற்றில் வண்ணத்தில் எழுதப்பட்டுவிட்டது. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அவர்களால் வெளிக்கொணரப்பட்ட அச்சோழர் ஓவியங்களில், ஓலையுடன் வந்த முதியவர் மணவினையைத் தடுக்கும் காட்சியும், சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சியும் காணப்படுகின்றன. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் சுருங்கக் கூறியவற்றையும், மக்கள் வழக்கில் நின்றவற்றையும் கொண்டு ஓவியன் காட்சிகளை விரித்தான். பாவலன் பின்னரே காப்பியமாக விரித்தான். ஆகவே, ஓவியன் எஞ்ஞான்றும் நூலின் பின்னே செல்பவன் என்னும் கொள்கை இந்நாட்டு வரலாற்றோடு பொருந்துவதன்று. தொகையாக நின்றதை விரியாக்குதல் உரையாசிரியரின் தொழில். அத்தொழிலை ஓவியனும் செய்துள்ளான்.

வாழ்க்கைக் குறிப்பு

இராஜம் 1919-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வி. சுந்தரம் ஐயர் இசையன்பர். மயிலாப்பூரிலிருந்த அவரது இல்லம் இசைவாணர் பலர் கூடும் இடமாய் விளங்கிற்று. வீணை வல்லுநராகப் புகழ்பெற்ற எஸ். பாலச்சந்தர் இராஜத்தின் தம்பியாவார். 1934-இல் வெளிவந்த சீதா கல்யாணம் என்னும் திரைப்படத்தில் இராஜம் இராமனாக நடித்தார். அவர் தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தையார் சனகராகவும் தோன்றினர். சிறுவராகிய பாலச்சந்தரும் அதில் இடம்பெற்றார். அப்படத்துக்கு இசையமைத்தவர் பாபநாசம் சிவன்.

சிவன் இராஜத்துக்கு இசையாசிரியருமாவார். மயிலைக் கபாலீச்சரத்தின் மாடவீதிகளில் மார்கழித் திங்களில் பாடிச் சென்ற பெருமகனார் அவர். அம்பி தீட்சிதர், அரியக்குடி இராமானுச ஐயங்கார், மதுரை மணி ஐயர் ஆகியோரிடமும் இராஜம் பாடம் கேட்டார். இவர்களுள் அம்பி தீட்சிதர் முத்துசாமி தீட்சிதர் மரபில் வந்தவர். சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை 1904-இல் வெளியிட்ட சுப்பராம தீட்சிதரின் மைந்தர். அம்மரபின் பாடல்களை இராஜம் நேர்வழியிற் பெற்றார் என்பது பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும்.

ஓவியப் பயிற்சி சென்னை அரசினர் கலைப்பள்ளியில் நிகழ்ந்தது. 1850-இல் அலெக்சாந்தர் அண்டர் தொடங்கிய அப்பள்ளிக்கு 1929 முதல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராயிருந்தார். அவர் வங்கத்து அவனீந்திரநாத தாகூரின் மாணவர். மேனாட்டு எண்ணெய் வண்ண முறையை விடுத்து, அசந்தா முதலிய பழைய சுவரோவியங்களின் கோட்டழகையும், சப்பானிய ஓவியர்பாற் கற்ற நீர்வண்ணக் கழுவல் முறையையும் போற்றியது வங்க மரபு. இராஜமும் அப்பழஞ்சுவரோவியங்களின் பக்கம் தம் உள்ளத்தைத் திருப்பினார். ஒளிநிழலால் உடலைத் திரட்டிக் காட்டும் இரவிவர்மர் (1848–1906) வழியும், அவ்வழியைப் பின்பற்றிய நாட்காட்டி ஓவியர் வழியும் அவரை ஈர்க்கவில்லை. ஓடும் கோடு, நீண்ட விழி, மென்மையான நீர்வண்ணம், கைமுத்திரையின் தெளிவு ஆகியனவே அவர் நடையின் அடையாளங்களாயின.

பின்னர் அவர் சென்னை வானொலி நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றினார். பிறர் அருகியே பாடும் விவாதி மேளங்களை அஞ்சாது பாடியும், கோடீசுவர ஐயர் எழுபத்திரண்டு மேளங்களிலும் முருகன்மீது இயற்றிய தமிழ்ப் பாடல்களைப் பரப்பியும் இசையுலகில் தனியிடம் பெற்றார். தீபாவளி மலர்களில் வெளிவந்த அவருடைய வண்ணப் படங்கள் தெய்வ வடிவங்களையும் அடியார் வரலாறுகளையும் இலக்கியக் காட்சிகளையும் வாசகர் இல்லங்களுக்குக் கொண்டுசென்றன. 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தார்.

பாட்டுக்கு வண்ண உரை

இராஜத்தின் முறையை அறிதற்கு ஏற்றது, முத்துசாமி தீட்சிதரின் கோள்களைப் பற்றிய பாடல்களுக்கு அவர் எழுதிய ஓவிய வரிசை. தீட்சிதர் பாடல்கள் வடமொழியில் அமைந்த தியான வடிவின. ஒவ்வொரு கோளுக்கும் நிறம், ஊர்தி, உடை, துணைவி, படைக்கலம், பிறப்புமுறை ஆகியவற்றை அவர் சொல்லடுக்கிற் பொதிந்து வைத்தார். செவ்வாய்க்கு ஆட்டு ஊர்தியும் செவ்வாடையும், சனிக்குக் காக்கை ஊர்தியும் மைநிறமும் பாட்டிலேயே உள்ளன. ஞாயிறு முதற் சனி ஈறாக எழுவர் பாடல்களும் ஏழு சூளாதி தாளங்களில் அமைந்துள்ளமை இசைவாணர் அறிந்ததே.

இத்தகைய பாட்டை ஓவியமாக்குவோன் முதற்கண் சொற்பொருள் காணல் வேண்டும். தொகைச்சொல் ஒன்றனைப் பிழைபடப் பிரித்தால் ஊர்தி மாறும், நிறம் மாறும். இஃது உரைநெறியிற் பதவுரை போல்வது. அடுத்து, பாட்டிற் கூறப்படாதவற்றை அவன் முடிவுசெய்தல் வேண்டும். ஊர்தியின்மீது தெய்வம் எவ்வாறு அமர்ந்துள்ளது? முகம் எத்திசை நோக்கியது? துணைவி எப்பக்கம் நிற்கின்றாள்? பாட்டு இவற்றைச் சொல்லாது விடலாம். ஓவியம் சொல்லாது விட இயலாது. ஈண்டு அவனுக்குச் சிற்பநூலறிவும் கோயிற்படிம அறிவும் துணையாதல் வேண்டும். இது விளக்கவுரை போல்வது. மூன்றாவதாக, பாட்டு காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விரிவது. ஓவியம் இடத்தில் ஒருங்கே நிற்பது. பல்லவியிலும் அனுபல்லவியிலும் சரணத்திலும் பிரிந்து கிடக்கும் அடைமொழிகளை ஒரே நோக்கில் அடங்குமாறு தொகுத்தல் வேண்டும். இது பொழிப்புரை போல்வது.

இம்மூன்றும் இராஜத்தின்பால் ஒருங்கமைந்ததற்குக் காரணம் அவர் அப்பாடல்களைப் பாடியறிந்தவர் என்பதே. ஏட்டிற் கண்டு பொருள் கேட்டு வரைந்தவர் அல்லர். மரபின் வழித்தோன்றலிடம் வாய்வழியாகப் பயின்றவர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் இசையும் கூத்தும் பற்றிய நூலறிவு உடையவராதலின், அரங்கேற்று காதைக்கு அவர் உரை ஒளி தருவதாயிற்று. இசையறியா உரைகாரர் சொற்பொருள் கூறலாம். அக்காதையைத் திறந்துகாட்டல் அரிது. அங்ஙனமே, இசையறியா ஓவியர் தீட்சிதர் பாடலுக்குப் படம் வரையலாம். உரை எழுதுதல் அரிது. இராஜத்தை ஓவிய உரையாசிரியர் என நாம் வழங்குவதன் காரணம் இதுவேயாம்.

மூவர் உருவமும் வரலாற்று எச்சரிக்கையும்

பாடலை விளக்கியது ஒருபுறமாக, பாடினோரை உருவாக்கியது மற்றொரு புறம். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது 1839-இல். சாத்திரிகளும் தீட்சிதரும் அதற்கு முன்னரே மறைந்தனர். தியாகராசர் 1847 வரை வாழ்ந்தாரெனினும் அவருக்கு ஒளிப்படம் இல்லை. மூவரும் திருவாரூரிற் பிறந்தவர். ஆயின் வாழ்முறை வேறு. சாத்திரிகள் தஞ்சையிற் பங்காரு காமாட்சியை வழிபடும் குடியினர். தியாகராசர் திருவையாற்றில் அரசர் கொடையை வேண்டாது உஞ்சவிருத்தியில் வாழ்ந்தவர். தீட்சிதர் தலந்தோறும் சென்று பாடிய வீணை வல்லுநர். இவ்வேறுபாடுகளையும் செவிவழிச் செய்திகளையும் கொண்டு, உடையாலும் அணியாலும் இருக்கைநிலையாலும் மூவரையும் இராஜம் வேறுபடுத்தி எழுதினார். அக்கற்பனை மக்கள் உள்ளத்தில் நிலைத்தது. இன்று அம்முகங்களையன்றி வேறு முகங்களை அவர்க்குப் பொருத்திக் காண்டல் நமக்கு இயலாது.

இஃது ஓவியரின் வெற்றி. ஆயின் வரலாற்று மாணவர்க்கு ஓர் எச்சரிக்கையுமாம். வழிவழிச் செய்தியிலிருந்து ஊகித்து எழுதிய உருவம், எழுதியவர் பெயர் மறைந்தவுடன், கண்டெழுதிய உருவமாக மயங்கப்படும். சித்தன்னவாசல் இதற்கு ஓர் ஒப்புமை. அங்குள்ள ஓவியங்களை மகேந்திரவர்மன் காலத்தன என ஆராய்ச்சியாளர் முதலிற் கொண்டனர். பின்னர், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் செய்த திருப்பணி கல்வெட்டால் தெரியவந்ததும் அம்முடிவு மாற்றம் பெற்றது. செய்தவன் பெயர் கல்லில் நின்றமையாற் பிழை திருந்திற்று. மூவர் படத்தின் அச்சுப்படிகளிற் பெயர் நில்லாமையின், பின்வருவோர்க்கு அப்பிழையைத் திருத்தும் வாயில் அடைபடும். ஓவியரின் பெயரைக் காத்தல் அவர்க்குச் செய்யும் நன்றிக்கடன் மட்டுமன்று. உண்மைக்குச் செய்யும் காவலுமாகும்.

இருவேறு வழிகள்

இராஜம் பயின்ற அதே பள்ளியில் 1936-இல் மாணவராகச் சேர்ந்து, பின்னர் ஆசிரியராகி, 1957-இல் முதல்வராக உயர்ந்தவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்ற முதலாய் நின்றவரும் அவரே. அவர் 1963 முதல் எழுதிய சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசையில் எழுத்து வரிகளும் சாதகக் கட்டங்கள் போன்ற வடிவங்களும் நிறைந்துள்ளன. எனினும் அவ்வரிகள் படித்துப் பொருள் கொள்ளுதற்கு உரியன அல்ல, காண்பதற்கே உரியன. பணிக்கர் எழுத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு பொருளை விடுத்தார். இராஜம் பொருளை எடுத்துக்கொண்டு வடிவத்தைத் தாமே படைத்தார். ஒரே பள்ளி, ஒரே காலம், இந்திய மரபை மீட்டல் என்னும் ஒரே வேட்கை, வழிகளோ இரண்டு.

கலைவரலாறு முதல் வழியைத் தற்காலத்தது எனப் போற்றி, இரண்டாவதைப் பழைமையெனக் கடந்து சென்றது. புதுமையை ஓவியத்தின் புறவடிவில் மட்டும் தேடியதன் விளைவு இது. எழுத்தை ஓவியமாக்கிய பணிக்கர் முயற்சியின் அருமையை யாரும் மறுக்கார். அதுபோல், இசைப்பாடலை இசையறிவோடு ஓவியத்தில் உரைசெய்ததும் அதற்குமுன் அரிதாக நிகழ்ந்த ஒன்றேயாம். அதன் புதுமை கோட்டிலன்று, கற்பித்துக்கொண்ட கடமையில் உள்ளது.

குறை கூறுவார்க்கு விடை

நடுநிலை ஆய்வாளர் குறைகளையும் மறைத்தல் ஆகாது. இராஜத்தின் மாந்தர் முகங்கள் பெரும்பாலும் ஒரே இலக்கணத்துள் அடங்கியவை. நீண்ட விழியும் மெலிந்த இடையும் திரும்பத் திரும்ப வருதலின், ஒரு தெய்வ மகளிர்க்கும் மற்றொரு தெய்வ மகளிர்க்கும் உள்ள வேறுபாடு அணியாலும் நிறத்தாலும் அறியப்படுவதன்றி முகத்தால் அறியப்படுவது குறைவு. தம் காலத்து நகரவாழ்வின் துயரும் முரணும் அவர் ஓவியப் பொருள்களுள் முதன்மை பெறவில்லை. உரையாசிரியர்க்கு இயல்பாய எல்லை இது. மூலம் செல்லாத இடத்துக்கு உரை செல்வதில்லை. பரிமேலழகரின் திருக்குறளுரையில் அவர் காலத்துச் சந்தையையும் தெருவையும் தேடிக் காணாது வருந்துவார் இலர். உரைக்குரிய அளவுகோலால் உரையை அளத்தல் போல, இவ்வோவியங்களையும் அவற்றுக்குரிய அளவுகோலால் அளத்தலே முறை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். பாட்டையும் ஓவியத்தையும் ஒரு சொல்லாற் குறித்த தமிழ்மரபில், நூற்பொருளை வண்ணத்தில் விரித்தல் இழிந்த தொழிலன்று. தஞ்சையில் அது காப்பியத்துக்கும் முற்பட்டது. இராஜத்தின் ஓவியங்கள் பாடலுக்கு அணியாக அமைந்தன அல்ல. பதம்பிரித்துப் பொருள்கண்டு, கூறாததை வருவித்து, பிரிந்ததைத் தொகுக்கும் உரைகளாகும். அவர் படைத்த மூவர் உருவம் வரலாற்று ஆவணமன்று. வரலாற்றில் ஊன்றிய கற்பனை என்னும் தெளிவோடு போற்றத்தக்கது.

உரைகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தது தமிழாராய்ச்சியின் பெருமை. ஏட்டுச்சுவடிகளுக்குச் செய்த அத்தொண்டினை, மங்கிவரும் பழைய தீபாவளி மலர்களின் வண்ணத் தாள்களுக்கும் செய்யும் கடமை இன்றைய தமிழ்த்துறைகளுக்கு உண்டு. எந்த ஓவியம் எந்த மலரில் எந்த ஆண்டில் எந்தப் பாடலுக்கு எழுதப்பட்டது என்னும் அட்டவணை ஒன்று அமைந்தால், முதுகலை மாணவர் பலர்க்கு ஆய்வுக்களம் திறக்கும். அதனினும் எளியதொன்றும் உண்டு. சிட்லபாக்கத்துச் சிறுவன் நாளை மூவர் பெயரைக் கூறும்பொழுது, நான்காவதாக அவர்களை எழுதியவர் பெயரையும் கூறுதல் வேண்டும். படத்தின் அடியில் ஒரு வரி அச்சிட்டால் அது நிறைவேறும்.